சர்க்கரை போடாத காபி

அன்பு மகள் லமீஸுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளையும் குட்டி தாலியாவும் அந்தத் தூர தேசத்தில் நோய்நொடி இல்லாமல் இருக்க அல்லாஹ் அருள் செய்யட்டும். இங்கே அப்பாவும் நானும் இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிசைவார், அதனால்தான் சிட்னிக்குத் திரும்பும் உன் சிநேகிதியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நம் பாலர் பள்ளியைப் பூட்டிவிட்டேன் அம்மா. குழந்தைகள் வராத இடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய.

நம் பள்ளியில் எழுத்து சொல்லித் தருவதில்லை என்ற குறை இந்த ஊருக்கு எப்போதும் உண்டு. மணலும் தண்ணீரும் ஓட்டைப் பாத்திரமும் வைத்துக்கொண்டு பிள்ளைகளை விளையாட விடுவதற்கு ஒரு பள்ளிக்கூடமா என்பார்கள், புதன்கிழமை தாய்மாரும் வந்து தரையில் உட்கார்ந்து பிள்ளைகளோடு விளையாட வேண்டும் என்றால் இன்னும் சிரிப்பு. மீன்கடை அபூ நபீல், “டீச்சர், என் பேரன் இன்னைக்கு மண்ணுல டாக்டர் பட்டம் வாங்கிட்டானா?” என்று தினமும் கேட்பார், “ஐஸ் உருகுது, முதல்ல உங்க மீனைப் பாருங்க” என்பேன் நானும். அதையெல்லாம் தாங்கிக்கொண்டுதான் நடத்தினேன். இது அப்படித் தாங்கக்கூடியது இல்லை.

நம் தெருக்கோடி ரிதா போன இலையுதிர் காலத்தில் பிழைப்புத் தேடி வெளிநாட்டுக்குக் கள்ளப் படகேறினானே, அந்தப் படகிலிருந்து இதுவரை ஒரு தகவலும் இல்லை. உடலும் கிடைக்கவில்லை, போனும் வரவில்லை. அவன் தாய், மகன் பேராலேயே உம்மு ரிதா என்று ஊர் கூப்பிடுகிறவள், அவன் ஏதோ நாட்டுச் சிறையில் இருக்கிறான் என்று பிடிவாதமாக இருக்கிறாள். சாப்பாட்டு வேளையில் அவனுக்கும் ஒரு தட்டு வைக்கிறாள், அந்த வீட்டில் யாரும் அழக்கூடாது, மருமகள் ஹனாதி கறுப்பு உடுத்தக்கூடாது. ரிதாவுக்கும் ஹனாதிக்கும் பிறந்த ஐந்து வயது மகன் யமான் நம்மிடம்தான் வந்துகொண்டிருந்தான். வாயே திறக்க மாட்டான், அவனுக்கு இருந்த ஒரே விளையாட்டு காபி ஊற்றுவது. சேற்றைக் கரைத்துக் குட்டிக் கோப்பைகளில் ஊற்றித் தருவான், மற்றப் பிள்ளைகள் குடிப்பதுபோல உறிஞ்சிவிட்டு “எப்பவும் நிலைக்கட்டும்” என்று நம் வழக்கப்படி சொல்லிக் கோப்பையைத் திருப்பித் தருவார்கள்.

ஒரு புதன்கிழமை அவன் நாற்காலிகளைச் சுவரோரம் வரிசையாகப் போட்டான். பிறகு வாசலருகே போய் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் கை நீட்டினான். போன வருஷம் அவன் தாத்தா மௌத்தாகி ஊரார் துக்கம் கேட்க வந்தபோது ரிதா அப்படித்தான் நின்றான். ஒரு சிறுமி கோப்பையை நீட்டி “எப்பவும் நிலைக்கட்டும்” என்றாள், யமான் அவள் வாயைப் பொத்தி, “அதை இங்க சொல்லக் கூடாது, இது சர்க்கரை போடாத காபி” என்றான். மாப்பிள்ளை கல்யாணமான புதிதில் உன் பெரியப்பா துக்கத்தில் சர்க்கரை போடாத துக்கக் காபியைக் குடித்துவிட்டு வாய்தவறி அதைச் சொல்லி, துக்கம் நிலைக்கட்டும் என்று ஆகிப்போய், கூட்டமே திரும்பிப் பார்த்ததே, பெரியவர்கள் தடுமாறும் இடத்தில் அந்தக் குழந்தை தடுமாறவில்லை. ஹனாதியிடமும் ஒரு கோப்பையைக் கொடுத்தான். நான் தடுத்திருக்கலாம், ஆனால் பிள்ளைகளின் விளையாட்டுக்குள் கை வைக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் எப்படித் தடுப்பேன். அவள் வாங்கி, உதட்டில் வைத்து, “அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்யட்டும்” என்றாள், இறந்தவர்களுக்குச் சொல்கிற அதே சொல். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க சிரமப்பட்டு வந்ததுக்கு அல்லாஹ் கூலி தரட்டும்” என்றான், பெரிய மனுஷன் மாதிரி. ஹனாதி அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள், இருந்த தாய்மார் எல்லோரும் அழுதோம். அன்று அந்தப் பிள்ளை ரொட்டி முழுவதையும் தின்றான், படுத்தவுடன் தூங்கினான். நல்லது நடந்தது என்றே நான் நினைத்தேன், பைத்தியக்காரி.

மறுநாள் உம்மு ரிதா வந்து வாசலில் நின்றாள். கத்துவாள் என்று பார்த்தேன், கத்தவில்லை. “உசுரோட இருக்கிற என் மவனை உங்க பள்ளிக்கூடத்துல வச்சுப் புதைச்சுட்டீங்களே டீச்சர், இனிமே என்னை எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க?” என்றாள். அன்றோடு யமான் வரவில்லை. கடலில் ஆள் இருக்கிற வீட்டுப் பிள்ளையை அங்கே விடாதே, அபசகுனம் என்று பேச்சு பரவியது. இந்த ஊரில் கடலில் ஆள் இல்லாத வீடு எது சொல், ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். அபூ நபீல்கூட இப்போது கேலி பேசுவதில்லை, என்னைக் கண்டால் தராசைத் துடைக்க ஆரம்பித்துவிடுகிறார்.

மனசு கேட்காமல் போன வாரம் உம்மு ரிதா வீட்டுக்குப் போனேன். பள்ளிக்காக இல்லை, அந்தப் பிள்ளைக்காக. மரியாதை குறைக்காமல் உட்காரவைத்து நிறையச் சர்க்கரை போட்டுக் காபி தந்தாள், குடித்து முடிக்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எப்பவும் நிலைக்கட்டும்” என்று சொன்னேன் லமீஸ், வேறு என்ன சொல்ல முடியும் அந்தத் தாயிடம். ஹனாதி சமையலறை வாசலில் நின்றாள், பச்சைச் சட்டை போட்டிருந்தாள், என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. யமான் மேசையில் உட்கார்ந்து நோட்டில் அலிஃப் எழுத்தை எழுதிக்கொண்டிருந்தான், வரிக்கு வரி ஒரே உயரம். கூப்பிட்டேன். எழுந்து நின்று, “நல்லா இருக்கேன் டீச்சர்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டான். “பாத்தீங்களா, வச்ச இடத்துல இருக்கான், விளையாட்டே கேக்கறதில்ல” என்று உம்மு ரிதா பெருமையாகச் சொன்னாள். யாரைக் கோபிப்பது என்றுகூடத் தெரியாமல் வீடு வந்து சேர்ந்தேன்.

அப்பாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது, கரண்ட் முன்போலத்தான் வருகிறது போகிறது. தாலியா எதை விளையாடினாலும் பக்கத்தில் போய் உட்கார், எதைக் கொடுத்தாலும் வாங்கிக் குடி, என்ன சொல்லச் சொல்கிறாளோ அதைச் சொல். உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளும் குறையாத வாழ்வாதாரமும் கிடைக்க என் துஆ. மாப்பிள்ளைக்கு சலாம் சொல், குளிரில் தொண்டையை மூடிக்கொண்டு வெளியே போ. பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன பொம்மை வாங்கி அனுப்பட்டும் என்று கேட்டிருந்தாய். ஒன்றும் வாங்காதே அம்மா.

உன் அம்மா,
நுஹாத்
எல் மீனா