கல்வெட்டுக்குள் அடங்காத நிரஞ்சி

என் வாய்க்கார மச்சாள் நிரஞ்சிக்கு,

நீ போய் முப்பத்தொன்றாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. மண்டபம் கொள்ளாத சனம். நீ இருந்திருந்தால் வடையில் உப்பில்லை என்று மைக்கிலேயே சொல்லியிருப்பாய். நீ இல்லாததை என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் தொழில் செய்தி. ஆல்பம் தயார். நீ ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் வாரம் பாடி முடித்த ஒன்பது பாட்டும் அப்படியே இருக்கின்றன. ஆனால் வெளியிட முடியவில்லை. பாட்டு வெளியிடும் நம் 'ரெண்டு கதிரை' லேபிளில் பாதி உன் பெயரில். அந்தப் பாதிக்கு இனி உன் அப்பா கையெழுத்துப் போட வேண்டும் என்று பத்திரம் எழுதும் நோத்தாயோ சொல்லிவிட்டார். மாமாவிடம் போனேன். "பொம்பிளைப் பிள்ளை மேடையிலை கத்தினது காணும். செத்த பிறகும் சனம் கதைக்கோணுமோ?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. யார் கத்தியது? இந்தப் பாலெர்மோவில், பொலிதேயாமாப் பக்கம் நாம் வேலை செய்த சின்யோரா அம்மாவின் வீட்டைத் துடைத்துவிட்டு, அவருடைய கோட்டு அலுமாரிக்குள் போனை வைத்து நாம் பதிந்த முதல் பாட்டை, வியா மக்வேதாத் தெருவில் பாலெர்மோப் பெடியள் தமிழ் வரியோடு பாடிக்கொண்டு போனார்களே, அது கத்தலா? மிலானோ பாட்டுக் கம்பனிக்காரன் வந்து, சேலை கட்டி ஆடுங்கள், தமிழை எடுத்துவிட்டு முழுக்க இத்தாலியனில் பாடுங்கள் என்றபோது நீ என்ன சொன்னாய்? "நாங்கள் ஆட வரேல்லை, கதைக்க வந்தனாங்கள்." அவனை அனுப்பிவிட்டு அடுத்த கிழமையே லேபிளைப் பதிந்தோம். நாம் இருந்து பாடிய இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள்தான் அதன் சொத்து. அதிலிருந்து கத்தானியா, நாப்போலி மேடைகள் வரை வந்தோம். இப்போது இளசுகள் தங்கள் பாட்டுகளைத் தூக்கிக்கொண்டு நம்மிடம் வருகிறார்கள். அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?

முப்பத்தொன்றுக்கு மாமா ஊரில் ஒருவரைக் கொண்டு கல்வெட்டு எழுதுவித்தார். செத்தவரைப் பாடி அச்சடித்து, அன்று எல்லோருக்கும் வாசித்துக் காட்டும் புத்தகம். குரல் இருக்கிறதென்று என்னையே வாசிக்கச் சொன்னார். ராகம் இழுத்துக்கொண்டு போனேன். நாலாம் பக்கத்தில் 'அதிர்ந்து பேசாத அன்னமே' என்று வந்தது. நீயா? அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். புத்தகத்தை மூடினேன்.

"மாமா, இது நிரஞ்சி இல்லை. இந்தப் பிள்ளையை எனக்குத் தெரியாது."

"அப்ப உனக்குத் தெரிஞ்சவளைச் சொல்லன்" என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

சொன்னேன். மேசையில் கையால் தட்டித் தட்டி உன் வரிகளையே சொன்னேன். இரண்டாவது பாட்டில் குரல் உடைந்தது, விடவில்லை. மாமா மட்டும் எழும்பி வெளியே போனார். தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் அவருடைய போனுக்கு ஒன்பது பாட்டையும் அனுப்பினேன். கேட்பார் என்ற நம்பிக்கையா? இல்லை, வெறும் பிடிவாதம். நாலு நாள் போனது. இன்று காலை, பகேரியாவில் தோட்ட வேலைக்குப் போகும் ரயிலில் இருந்து எனக்குப் போன் எடுத்தார்.

"ஏழாவது பாட்டிலை 'அப்பா, கதவைத் திற' எண்டு கேக்கிறாள். அது என்னையோ?"

முதல் மேடை ஏறிய அன்று உன்னை வெளியே விட்டுச் சாத்தினாரே, அந்தக் கதவு. நாலு மாதம் என் வீட்டில் இருந்தாயே. அவரிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"ஓம் மாமா. உங்களைத்தான்."

"திறக்கிறன் எண்டு அவளுக்குச் சொல்லு" என்றார்.

சொல்லிவிட்டேன், நிரஞ்சி. திங்கட்கிழமை கையெழுத்துப் போட அவரை நோத்தாயோவிடம் கூட்டிக்கொண்டு போகிறேன். உன் இடத்தில் வேறு யாரையும் நிறுத்த மாட்டேன். உன் வரியில் ஒரு எழுத்தையும் மாற்ற விட மாட்டேன். அடுத்த மேடையில் மாமாவை முன்வரிசையில் இருத்திவிட்டு, ஏழாவது பாட்டில் இருந்துதான் தொடங்குவேன். இது சத்தியம்.

உன் அத்தை மகள், உன் மச்சாள்,
துளசி