அணைத்து வைத்த போன்

ஜூன் 14, சனி.

என் மனைவி திவ்யா இறந்த பிறகும் அவள் தங்கை கீர்த்தனா சோர்ந்து உட்காரவில்லை. பதினேழு வயதுதான். இந்த ஒரு மாதத்தில் தானாகவே கோடிங் கற்றுக்கொண்டு, சிறுசேரியில் ஒரு கம்பெனியின் பயிற்சிக்குத் தேர்வும் எழுதிவிட்டாள்.

"அப்ளிகேஷன் அக்கா போட்டது மாமா. அவ நம்பர்தான் இருக்கு. போனை ஆன்லயே வைங்க" என்று சொல்லியிருந்தாள். ஆன்லதான் இருக்கு என்றேன்.

காரியம் முடிந்த அன்று அணைத்து பீரோவில் வைத்த போன் அது. திரையில் திவ்யாவின் முகம் வரும் என்று பயந்து தொடவே இல்லை. ஆபீஸில் கம்ப்யூட்டர் சர்வர் இரண்டு நிமிடம் நின்றால் சரிசெய்ய ஓடுகிறவன் நான்.

இன்று கீர்த்தனா அஸ்தினாபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்தாள்.

"மாமா, ரிசல்ட் வந்துச்சா?"

அப்போதுதான் சார்ஜ் போட்டேன். தேர்வாகிவிட்டாள் என்று திங்கட்கிழமையே வாட்ஸ்அப் வந்திருக்கிறது. புதன்கிழமைக்குள் பதில் சொல்லியிருக்க வேண்டும். கம்பெனிக்குப் போன் பண்ணிக் கெஞ்சினேன். இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

"ஆன்லதான் இருக்குன்னீங்களே?"

அணைத்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

செருப்பை மாட்டிக்கொண்டே, "அக்கா இருந்திருந்தா உங்கள கொன்னே போட்டிருப்பா" என்றாள். சிரிக்கவில்லை.

போன் இப்போது முழு சார்ஜோடு மேசையில் இருக்கிறது. இனி அதில் யாருக்கும் எதுவும் வர வேண்டியதில்லை.