நாற்பதாயிரம் அலையாத்தி

12 ஆகஸ்ட் 2024, திங்கள்

தகவல் உரிமை மனுவைத் தபாலில் சேர்த்துவிட்டேன், பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி. சுசித்ராதான் எழுதிக் கொடுத்தாள். இங்கே ஓசூர்க் கம்பெனியில் என்னோடு இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் உட்காருபவள். கெலவரப்பள்ளி அணையில் ஆலைக் கழிவு நுரை பொங்கியபோது நாலு மனு போட்டவள். "தம்பி நாப்பதாயிரம் மரம் நட்டான்னு டெய்லி கேன்டீன்ல சொல்றியே ராஜி, பேப்பரா வாங்கி சுவத்துல மாட்டு" என்றாள். கேலிதான். எனக்கு நல்ல யோசனையாகப் பட்டது.

என் தம்பி மாரிமுத்து எங்கள் ஊரில் அலையாத்தி மரம் நடும் குழுவுக்குத் தலைவன். நாகப்பட்டினம் பக்கம், முகத்துவாரத்தை ஒட்டிய ஊர். மழைக்காலத்தில் உப்புத் தண்ணீர் அவன் வீட்டு வாசல் வரை வரும். அதைத் தடுக்கத்தான் அரசாங்கம் பணம் ஒதுக்கிக் கரையில் மரம் வைத்தது. அவன் பெயர் போட்ட தாள் வந்தால் லேமினேட் செய்து ஹாலில் மாட்டுவேன். அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, வளர்த்தவள் நான். பெருமைப்பட எனக்கு உரிமையில்லையா?

14 செப்டம்பர், சனி

பதில் வந்தது. பன்னிரண்டு பக்கம். தம்பி பெயர் நாலு இடத்தில் இருக்கிறது.

ஏழாம் பக்கம் கன்று வாங்கிய பில். அலையாத்திக் கன்று நாற்பதாயிரம், ஒன்று பதினெட்டு ரூபாய், மொத்தம் ஏழு லட்சத்து இருபதாயிரம். விற்றவர்: கரியப்பன் நர்சரி, பாகலூர் ரோடு, ஓசூர்.

ஓசூரா?

அலையாத்தி உப்புச் சேற்றில் நிற்கிற மரம். இங்கே ஏது உப்பு, ஏது சேறு? கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். அந்த நர்சரி எனக்குத் தெரிந்த இடம்தான். ரோஜாவும் குடைமிளகாய் நாற்றும் தவிர வேறு கிடையாது. டைப் அடித்தவன் தப்பாக அடித்திருப்பான். அப்படித்தான் இருக்க வேண்டும்.

15 செப்டம்பர், ஞாயிறு

காலையிலேயே போய்விட்டேன். கரியப்பன் யாரையோ கன்னடத்தில் அதட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார்.

"அலையாத்தியா? அது என்ன செடிமா? நான் கண்ணால பார்த்ததே இல்லயே."

பில்லைக் காட்டினேன். முகம் சுண்டிப்போயிற்று. "சீலு எங்களுதுதான். எழுதினது நானில்லமா. வெத்து பில்லு பத்து தாளு சீல் போட்டுக் குடுத்தேன். பூச்செடி நெறைய எடுக்கறோம், ஆபீஸ்ல எழுதிக்கறோம்னாங்கொ."

"யாரு கேட்டாங்க?"

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்கொ? உங்க தம்பிதான். நீங்கதான கூட்டியாந்தீங்கொ? உங்க மொகத்துக்காகத்தான் குடுத்தேன்."

ஆமாம். போன வருஷம் மாசியில். வீட்டு வாசலுக்கு ரோஜா வேண்டும் என்று வந்தான். 'நம்ம தம்பிதான், நம்பிக் குடுங்க' என்று சொன்னதும் நான். அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் போய் மொட்டு எண்ணிக்கொண்டு நின்றதும் நான்.

பஸ் ஸ்டாப்ல உக்காந்தே இருந்தேன். மூணு பஸ் போயிடுச்சு. அடப்பாவி, என்னையே வச்சா செஞ்சே? 

16 செப்டம்பர், திங்கள்

ஒரு பீஸ் சரியில்லை என்றால் பெட்டியையே நிறுத்தி வைக்கிறவள் நான். இன்று எதைப் பார்த்தேன், எதற்குக் கையெழுத்துப் போட்டேன் என்றே தெரியவில்லை.

18 செப்டம்பர், புதன்

மாரிமுத்துவிடம் போனில் கேட்டேவிட்டேன். மறுப்பான் என்று நினைத்தேன். மறுக்கக்கூட இல்லை.

"யக்கா, மேல பில்லு கேட்டாங்க, குடுத்தேன். எல்லாப் பக்கமும் இப்படித்தான் நடக்குது. கன்னு செத்துப்போச்சுன்னு எழுதிட்டா ஒருத்தனும் கேக்க மாட்டான்."

"நடாத கன்னு எப்படிடா சாவும்?"

"ஒனக்கென்ன, ஓசூருல உக்காந்துகிட்டுப் பேசுவ. நான் உள்ள போவணுமா? சொல்லு, போவட்டா?"

போனைக் கட் பண்ணினேன்.

22 செப்டம்பர், ஞாயிறு

நாகம்மாள் போன் செய்தாள். தம்பி பெண்டாட்டி என்னைத் தானாகக் கூப்பிடுவதே அபூர்வம். "அண்ணி, கூலிப் பட்டியல்ல எம் பேரு இருக்கா?"

இருக்கிறது, பதினெட்டு நாள்.

"நான் போனது ஒரே நாளு. கன்னு கொஞ்சம் நட்டோம், போட்டோ புடிச்சாங்க, டீ குடுத்தாங்க, வந்துட்டோம். பேங்குல பணம் விழுந்துச்சு. எடுத்துக் குடுன்னாரு, குடுத்துட்டேன்." அப்புறம், "அந்தத் தாள எல்லாம் எனக்கு அனுப்புறீங்களா?" என்றாள். அனுப்பினேன்.

6 அக்டோபர், ஞாயிறு

மாவட்ட ஆபீசுக்குப் புகார் எழுதினேன். கவருக்குள்ளும் போட்டுவிட்டேன். அவனுக்குச் சோறு ஊட்டிய கை. கிழிக்கவும் மனசில்லை, அனுப்பவும் மனசில்லை. ஹேண்ட்பேக்கில் வைத்திருக்கிறேன்.

19 நவம்பர், செவ்வாய்

நாகம்மாளின் வீடியோ வந்தது. அடுப்படி வரை தண்ணீர். அரிசி டிரம் மிதக்கிறது. மாரிமுத்து கட்டில்மேல் நின்று பீரோச் சாமான்களைத் தூக்கி மேலே வைக்கிறான். ஜன்னலுக்கு வெளியே கரை தெரிகிறது. நாற்பதாயிரம் மரம் நிற்க வேண்டிய இடம் வெட்டவெளியாகக் கிடக்கிறது.

என் கவர் இன்னும் பைக்குள்தான் இருக்கு. ச்சீ, நானும் ஒரு மனுஷியா?

2 டிசம்பர், திங்கள்

டீ பிரேக்கில் நாகம்மாளின் வாய்ஸ் மெசேஜ். "அண்ணி, நான் மனு போட்டுட்டேன். மூணு நாளு கரை பூரா நடந்து எண்ணினேன். உசுரோட நிக்கிறது இருநூத்திப் பன்னெண்டு. எம் பேருலயேதான் போட்டேன். அவருக்குத் தெரியாது."

நாலு தடவை கேட்டேன். டீ ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. வாசலில் நின்று பதில் சொல்லக்கூடக் கூச்சப்படுகிற பெண். எங்கிருந்து வந்தது இந்தத் துணிச்சல்? இருந்த ஆதாரமெல்லாம் என் கையில், நடந்தவள் அவள்.

11 டிசம்பர், புதன்

மாரிமுத்து கூப்பிட்டான். மூச்சு வாங்கியது. "யக்கா, எவனோ எம் மேல மனு போட்டுட்டான். நாளைக்கி வந்து கரைய அளக்குறாங்களாம். யாருன்னு தெரியல. தெரிஞ்சிது, கைய ஒடிச்சிருவேன்."

ஸ்பீக்கரில் போட்டிருப்பான், பக்கத்தில் பாத்திரச் சத்தம். 'இன்னுங் கொஞ்சம் கொழம்பு ஊத்தவா' என்று நாகம்மாள் கேட்பது தெளிவாகக் கேட்டது. குரலில் ஒரு நடுக்கம் இல்லை. 

"நான்தான்டா" என்றேன்.

"என்னக்கா?"

"மனு போட்டது நான்தான்."

பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. பிறகு போனை வைத்துவிட்டான்.

12 டிசம்பர், வியாழன்

மதியம் பர்மிஷன் சொல்லிவிட்டுத் தபால் ஆபீஸ் போனேன். இரண்டு மாதமாகப் பையிலிருந்த புகாரை, என் பெயரிலேயே, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.