உன் அம்மா சுமக்கும் மணல்மூட்டை

திருவொற்றியூர் குப்பம்
8-2-1953

அன்பு மகன் தாமோதரனுக்கு உன் நைனா எழுதிக்கொள்வது. வடிவுடையம்மன் புண்ணியத்தில் இங்கே நாங்கள் எல்லாரும் இடுப்புக்கு மேலே சுகம், இடுப்புக்குக் கீழே ஒருவருக்கும் சுகமில்லை, அதற்குக் காரணம் நீதான். வெல்லிங்டன் மலைக் குளிருக்குக் கம்பளி போதுகிறதா என்று எழுது.

முதுகில் மூட்டையோடு ஓடும் பரீட்சையில் பாதியில் விழுந்துவிட்டேன், இன்னொரு முறை விழுந்தால் பட்டாளத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பொங்கலுக்கு எழுதியிருந்தாயே, அதை உன் தங்கை நீலா படித்துக் காட்டியதும் உன் அம்மா சோற்றைத் தொடவில்லை. கட்டுமரம் கரைசேரும்வரை நம் வீட்டுப் பெண்கள் தலை வாராமல் இருப்பார்களே, உனக்காகவும் அப்படி இருந்தால் போதாதா என்று கேட்டேன். "அது கடலுக்குப் போனவனுக்குய்யா. புள்ள மலையில மூட்ட தூக்கிகினு ஓடறான், நாம இங்க தலைய விரிச்சிப் போட்டுகினு குந்தியிருந்தா சாமி ஒத்துக்குமா? அவன் இன்னா பண்றானோ அதத்தான் நாமளும் பண்ணணும்" என்று சொல்லிவிட்டாள்.

உங்கள் ஹவில்தார் சொன்னதாக நீ எழுதிய மூன்று கட்டமும் இப்போது எங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். முதல் கட்டம் உடம்பைப் பழக்குவது. விடிந்ததும் நாங்கள் மூன்று பேரும் கரையில் கையை வீசிக் குதித்தோம், எதிர்வீட்டுப் பச்சையம்மா எங்களுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று வேப்பிலையோடு ஓடிவந்தாள், விஷயம் தெரிந்ததும் வேப்பிலையை இடுப்பில் செருகிக்கொண்டு அவளும் குதிக்கிறாள். இரண்டாம் கட்டம் பளுவை மெல்ல மெல்ல ஏற்றுவது. உன் அம்மா சாக்கில் மணல் கட்டி முதுகில் போட்டு எண்ணூர் பக்கமாக ஓடுகிறாள், தினம் ஒரு பிடி மணல் கூடும். ஒரேயடியாக ஏற்றினால் முட்டி போய்விடும் என்று நீ எழுதியதைக் கேட்காமல் நான் வலைமூட்டையை அப்படியே தூக்கினேன், இப்போது உட்கார்ந்தால் எழுப்ப ஆள் வேண்டும். ஓய்வும் பயிற்சியில் சேர்த்தி என்று ஹவில்தார் சொன்னது மட்டும் குப்பத்துக்கே பிடித்துப்போய்விட்டது, வாரத்தில் ஒரு நாள் யாரும் கடலில் கட்டுமரம் தள்ளுவதில்லை, கேட்டால் பட்டாளத்துச் சட்டம் என்கிறார்கள். மூன்றாம் கட்டம் ஏறிய பலத்தை இறங்கவிடாமல் காப்பது. அதற்காக உன் அம்மா மீன் விற்பதும் ஓட்டத்தில்தான், வாங்குகிறவர்கள் கூடைக்குப் பின்னாலேயே ஓடி வாங்கவேண்டியிருக்கிறது. "இன்னா எத்திராஜு, உன் வூட்டுக்காரம்மா மீன விக்குதா, மீனத் தூக்கிகினு ஓடிப்போவுதா?" என்று ஏலம் விடும் கிருஷ்ணப்பன் கேட்கிறார், நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

சிரிக்காதே தாமு, எனக்குப் பயமாக இருக்கிறது. நீ விழுந்தால், தான் ஓடியதில் குறை இருந்ததால்தான் விழுந்தாய் என்று அவள் நினைத்துக்கொள்வாள். நேற்று கால் தடுக்கி விழுந்தவள் முழங்கால் ரத்தத்தைப் பார்க்கவில்லை, "இந்நேரம் அங்க புள்ளயும் வுழுந்திருப்பானே" என்று அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "நான் எய்ந்தா அவனும் எய்ந்துக்குவான்" என்று மறுபடி ஓடினாள். நான் அங்கேயே மணலில் உட்கார்ந்து அழுதேன், எழுப்பவும் ஆள் இல்லை.

கஞ்சி குடித்த வயிற்றோடு ஓடாதே. பூட்ஸ் கடித்தால் விளக்கெண்ணெய் தடவு. முன்னால் போகிறவனைப் பார்த்து வீம்புக்கு ஓடாதே. தேறாவிட்டால் வெட்கப்படாமல் வீட்டுக்கு வா, உன் துடுப்பு வைத்த இடத்தில்தான் இருக்கிறது.

மாசிப் பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் பரீட்சை என்கிறாய். நீ அங்கே கிளம்பும் நேரத்துக்கு அவளும் இங்கே மூட்டையோடு கிளம்புவாள். நீ எப்போது முடிப்பாய் என்று அவளுக்குத் தெரியாது. அதனால் தேறினாலும் தேறாவிட்டாலும் முடித்த கையோடு தந்தி அடித்துவிடு. அது வரும்வரை அவள் நிற்கமாட்டாள், எண்ணூரைத் தாண்டிவிட்டால் துரத்திப் பிடிக்க என் முட்டியும் உதவாது.

அம்மன் உன் காலுக்குத் துணையிருக்கட்டும். நீடூழி வாழ்க. தந்தி, தாமு, தந்தி.

உன் நைனா,
எத்திராஜ்