சரசுவுக்கு என்ன மார்க் போடுவது, மச்சான்?

என் பிரியமுள்ள மச்சானுக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு உங்கள் மொழிபெயர்ப்பு வகுப்பைக் கல்லூரியில் என் தலையில் கட்டிவிட்டார்கள். நீங்கள் கேட்டுக் கேட்டு அலுத்த டேப் ரெக்கார்டர் இப்போதுதான் வந்தது. "கேள்வித்தாள் வேண்டாம் மாப்ள, நெசமாவே ரெண்டு பேர் பேசித் தீர்க்கற எடத்துல பிள்ளைகள நிறுத்திப் பாரு" என்பீர்களே, அப்படியேதான் நடத்துகிறேன். ஆனால் ஒரு மார்க் போடத் தெரியாமல் முழிக்கிறேன்.

புதுச்சத்திரத்தில் ஆந்திரா லாரி ஒன்று ஒரு விவசாயியின் மாட்டை இடித்துவிட்டது. டிரைவருக்குத் தமிழ் தெரியாது. ஊர்க்காரர்கள் நமக்குச் சொல்லி அனுப்பினார்கள். நம் மாணவி சரசுவை நடுவில் நிறுத்தினேன். கோர்ட்டில் மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி வேலைக்கு அவளுக்கு இந்தத் தேர்ச்சி வேண்டும்.

"கண்ணு பொடனிலயா இருக்குதுன்னு கேளு சாமி" என்றார் விவசாயி. விடிய விடியத் தூங்காமல் ஓட்டினீர்களா என்று தெலுங்கில் கேட்டாள் சரசு. மாட்டைக் கட்டிப்போடத் துப்பில்லாதவனுக்கு மாடு எதற்கு என்று டிரைவர் கத்தினார்.

"மாட்டுக்கு அடி பலமான்னு கேக்கறாருங்க" என்றாள், முகம் மாறாமல்.

"கால ஊன மாட்டேங்குதுங்க" என்று விவசாயியின் குரல் இறங்கிவிட்டது. கடைசியில் அந்த லாரியிலேயே மாட்டை ஏற்றி இருவரும் மாட்டாஸ்பத்திரிக்குப் போனார்கள்.

ஒரு வார்த்தை மாறினாலும் ஃபெயில் என்பது உங்கள் விதி. பேச வந்த இருவரும் போடுவதுதான் மார்க் என்பதும் உங்கள் விதி. அவர்களோ அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். நான் எதைப் பிடிப்பது?

அவளையே கேட்டேன். "உள்ளபடி சொல்லியிருந்தா கை நீட்டியிருப்பாங்க சார்."

"கோர்ட்டுலயும் இப்படி மாத்துவியா?"

"அங்க எதுக்குங்க? போலீஸ் நிப்பாங்கல்ல."

எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. இதைப் பேச நீங்கள் இல்லையே என்று தவித்துப்போனேன்.

வீட்டில் உங்கள் தங்கையிடம் புலம்பினேன். பெண் கேட்டு வந்த அன்று நம் இரண்டு அப்பாக்களுக்கும் நடுவே நீங்கள் துபாஷியாக இருந்த பேச்சு வந்தது. எனக்கு அப்போது தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாது. 'உங்கள் வீட்டில் என் பெண் ராணி மாதிரி இருப்பாள்' என்று உங்கள் அப்பா சொன்னதாக நீங்கள் சொன்ன பிறகுதானே என் அப்பா தட்டை மாற்றினார்?

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்க நைனாவா? வாத்தியார் சம்பளத்துல பொண்ணுக்குக் கஞ்சியாவது ஊத்துவானான்னுல்ல கேட்டாரு! நான் கதவுக்குப் பின்னாடிதானே நின்னேன்."

மச்சான், அன்றைக்கு உங்களுக்கு மார்க் போட்டது யார்?

சரசுவுக்கு இன்னொரு நிஜப் பரீட்சை வைக்கிறேன். திட்டைத் திட்டாகவே சொல்லவும் பழக்கிவிடுகிறேன், இது சத்தியம். ஆனால் புதுச்சத்திரத்துக்காக அவளை ஃபெயிலாக்க மாட்டேன். ஆக்கிவிட்டு, எந்த முகத்தோடு நான் வீட்டுக்குப் போவது?

இப்படிக்கு,
நீங்கள் மாற்றிச் சொன்னதால் உங்களுக்குக் கிடைத்த மாப்பிள்ளை