நாலு எட்டு தள்ளி அடித்த ஆணி

ஸ்கண்டியா, மிச்சிகன்
19 செப்டம்பர் 1993

அன்புள்ள ரெய்னோவுக்கு,

ஐலி எழுதிக்கொள்வது. நானும் நாயும் நலம். முஸ்திக்குப் பின்னங்கால் வலி, படியேற மாட்டேன் என்கிறது, சாப்பாட்டில் மட்டும் குறைவில்லை. டெட்ராய்ட் ஆற்றில் தபால் படகு கப்பலோரம் வந்து, வாளியில் போட்டுக் கடிதங்களை மேலே ஏற்றிவிடும் என்று எழுதியிருந்தாய். இதுவும் அந்த வாளியில்தான் வந்திருக்கும். உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்கிற சமாசாரம் இல்லை இது.

ஜூன் மாதக் கடிதத்தில், என் வில்லைத் தம்பி ஆர்வோவிடம் கொடுத்துவிடு, எனக்கு இனிமேல் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். காரணம் ஒரு வரிகூட இல்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம், அக்டோபர் பிறந்துவிட்டால் நீ வீட்டில் தங்கினதில்லை. நம் கல்யாண நாளே மான் சீசன் ஆரம்பித்து நாலாம் நாள் என்றுதான் உனக்கு நினைவிருக்கும். விட்டது சனியன் என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஏனோ மனசு கேட்கவில்லை.

ஆர்வோ சாயங்காலம் வருவதாக இருந்தான். அதற்குள் ஒரே ஒரு தரம் இழுத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. நாண் பூட்டவே அரை மணி நேரமாயிற்று. இழுத்தேன். மூக்குக்கு ஒரு சாண் முன்னால் கை நின்றுவிட்டது, அப்புறம் நடுங்கியது, விட்டுவிட்டேன். அம்பே இல்லாமல்! நாண் வந்து என் முன்கையில் ஓர் அறை விட்டது பார், என் அப்பாகூட என்னை அப்படி அடித்ததில்லை. பத்து நாள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

பயந்துபோய் வில்லை எடுத்துக்கொண்டு கோரினின் கடைக்கு ஓடினேன். ஊர் மானையெல்லாம் வெட்டிப் பொட்டலம் கட்டித் தருகிறவள், பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சு, நமக்குத் தெரிந்தவர்களில் உன்னைத் தவிர மரவில்லோடு காட்டுக்குப் போகிற ஒரே ஆள். "அடிப்பாவி, அம்பில்லாம நாணை விட்டா வில்லு தெறிச்சுப் போயிடும்டி! ரெய்னோ உன்னை மன்னிச்சாலும் நான் மன்னிக்க மாட்டேன்" என்று கத்தினாள். கத்திக்கொண்டே பஞ்சை எடுத்து வில் முழுக்கத் தடவிப் பார்த்தாள். ஓர் இழைகூட எங்கும் சிக்கவில்லை. விரிசல் இல்லை, பயப்படாதே.

அப்புறம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இதை இழுக்க அம்பத்திரண்டு பவுண்டு விசை வேணும். புதுசா பழகறவங்க எல்லாரும் பண்ற கூத்து இதுதான். முறுக்கான வில்லைத் தூக்கிக்கிட்டு முக்கிக்கிட்டு நிக்கறது. புருஷன் பூட்ஸைப் போட்டுக்கிட்டு ஓட்டப்பந்தயத்துக்கு வந்த மாதிரி இருக்கு" என்றாள். தன்னுடைய முப்பத்தேழு பவுண்டு வில்லை என் கையில் கொடுத்தாள். நான் பழகப்போகிறேன் என்று அவளிடம் சொல்லவேயில்லை. அவளாகவே முடிவு பண்ணிவிட்டாள், நானும் மறுக்கவில்லை.

ஆர்வோவிடம் வில் கொடுக்கிறதாக இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சக்கரமும் கம்பியும் வைத்த தன் வில்லே தனக்குப் போதும் என்று சொல்லிவிட்டு, கறி பொதிந்து நான் சுட்ட பாஸ்டி இரண்டு தின்றுவிட்டுப் போனான்.

மூன்று மாதமாக இது உனக்குத் தெரியாமல் நடக்கிறது. முதல் இரண்டு வாரம் வைக்கோல் கட்டுக்கு ஐந்து எட்டு தூரத்தில் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு எய்யச் சொன்னாள். குறி அப்புறம், முதலில் முதுகு இழுக்கட்டும், விரல் நாணை மறக்கட்டும் என்றாள். கண்ணைத் திறந்த அன்றைக்குத்தான் சவுனா குளியல் கொட்டகைச் சுவரில் இரண்டு ஓட்டை விழுந்தது. மரங்கொத்தி என்று எழுதலாமா என்று யோசித்தேன், பொய் எதற்கு. அம்பு கோணல் என்று நான் திட்டினால், "எய்தவ இங்க இருக்க அம்பை ஏன்டி நோவுற?" என்பாள். உனக்குத் தெரிந்த விதிதான், காகிதத் தட்டில் ஐந்து அம்புக்கு ஐந்தும் எவ்வளவு தூரத்திலிருந்து விழுகிறதோ அதுதான் காட்டில் என் எல்லை. எனக்குப் பதின்மூன்று எட்டு. அதற்கு ஓர் எட்டு அதிகமானாலும் அந்த மான் எனக்கு உறவுக்காரி, போய்வா என்று சொல்லிவிட வேண்டும்.

வேட்டை உரிமச் சீட்டும் வாங்கிவிட்டேன். ஓடை வளைவில், மூன்று வருஷமாக நீ உட்காருகிற ஹெம்லாக் மரத்தடியில்தான் உட்காரப் போகிறேன். மூன்று வருஷமும் ஒரு மான்கூட வரவில்லை என்று வெறுங்கையோடு வந்தாய். எனக்காவது வருகிறதா பார்ப்போம்.

இன்னொன்று. ஏரி உறைகிற ஜனவரியில் கப்பலை ஒஹையோவில் கட்டிப்போட்டதும் குளிர்காலக் காவலுக்கு நீயே தங்கிவிடலாம் என்று பார்ப்பதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அதற்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. இதிலும் எழுதவில்லை.

கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துண்டைக் கட்டிக்கொள்.

உன்,
ஐலி


ஸ்கண்டியா
17 அக்டோபர் 1993

என் ரெய்னோ,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது, எப்படி வந்தாலும் அனுப்பிவிடுவேன்.

உன் இடத்தில் ஒன்பது தடவை உட்கார்ந்துவிட்டேன். முதல் நாள் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. விடியற்காலைக் குளிர், அணில் சத்தம், என் வயிற்றுச் சத்தம் என்று போய்விட்டது. நாலாவது நாள் கோரின் சொல்லிக்கொடுத்தபடி காட்டெருக்குப் பஞ்சை ஊதிக் காற்றைப் பார்த்தேன். பஞ்சு என் முகத்தைத் தாண்டி நேரே மான் நடக்கிற தடத்துக்குப் போனது. மறுநாளும் அங்கேதான் போனது. இங்கே உட்கார்ந்தால் என் வாடையும் அங்கேதான் போகும், மானைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு உட்காருகிற மாதிரிதானே?

அப்புறம் கிளைகள். அம்பு போக ஒரு சந்துகூட நீ வெட்டி வைக்கவில்லை. தடம் வலது பக்கம், அதுவும் முதுகுப் பக்கம். வலது கைக்காரன் உட்கார்ந்தபடி அந்தப் பக்கம் திரும்பி எய்ய முடியாது என்று மூன்று மாதம் பழகின எனக்கே தெரிகிறது. கடைசியாக வில் மாட்டுகிற ஆணியைத் தேடினேன். எல்லோரும் கைக்கு எட்டுகிற இடத்தில்தானே அடிப்பார்கள்? உன் ஆணி எதிர் மரத்தில் இருந்தது. நாலு எட்டு. அளந்து பார்த்தேன்.

உனக்கு வேட்டை தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வருமா? தெரிந்தவன்தான் இப்படி ஓர் இடத்தை இவ்வளவு சுத்தமாக அமைக்க முடியும். மூன்று அக்டோபராக நீ காட்டுக்குப் போய் எய்யாமல் இருக்க உட்கார்ந்திருக்கிறாய்.

நீ பார்த்துக்கொண்டிருந்த திசையில் நானும் பார்த்தேன். ஓடைக்கு அந்தப் பக்கம், தாழ்ந்த கிளை ஒன்றில் ஆரஞ்சு நாடா. சுரங்கத்தில் அளவெடுக்கிறவர்கள் கட்டுவார்களே, அது. போய்ப் பார்த்தேன். வெயிலில் வெளுத்திருந்தது. சற்றுத் தள்ளி இன்னொன்று, அதற்கு அப்பால் இன்னொன்று. அடிபட்ட மானின் ரத்தம் விழுந்த இடத்துக்கு ஒரு நாடா கட்டிக்கொண்டே போக வேண்டும் என்று கோரின் சொல்லியிருக்கிறாள். ஆரம்பத்திலிருந்து எண்ணினேன். முதலில் இரண்டு எட்டுக்கு ஒன்று, பிறகு பத்து எட்டுக்கு ஒன்று, பிறகு தேவதாருச் சதுப்புக்குள் முழங்கால் தண்ணீரில் வட்டம் வட்டமாக. மொத்தம் நாற்பத்தாறு. ஒவ்வொன்றிலும் உன் கையெழுத்தில் தேதி. முதல் நாடா 1990 அக்டோபர் ஒன்பது. ஓடைக்கரையில் நான் முதலில் பார்த்த அந்தக் கடைசி நாடா அக்டோபர் பதினான்கு.

ஆறு நாள் தேடியிருக்கிறாய்.

அந்த வாரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எல்லைவேலி சாய்ந்துவிட்டது, சரிபண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டு ஈரத்தோடு வருவாய். என் அம்மாவின் எழுபதாவது பிறந்தநாள் விருந்துக்கு வரவில்லை. காய்ச்சலில் படுத்தபோதுகூட நான் உன்னை விடவில்லை. நனைந்த பூட்ஸை அடுப்பிலா வைத்தாய், இது வீடா கொட்டகையா என்று கத்தினேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். உனக்குக் கோபம் என்று நினைத்தேன். என்னை மன்னித்துவிடு.

சுரங்கத்தில் வேலை குறைந்ததால்தான் கப்பலுக்குப் போனாய் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன். அக்டோபரில் இங்கே இருக்கக் கூடாது என்றுதானே போனாய்?

கோரினிடம் சொன்னேன். திட்டாதே, யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது. வெட்டுக்கத்தியைக் கீழே வைத்தாள். "இதுல நாளைக் கழிச்சவங்க எல்லாருக்கும் காட்டுக்குள்ள இப்படி ஒரு நாடா வரிசை இருக்கும்டி. இல்லேங்கிறவன் ஒண்ணு பொய் சொல்றான், இல்லேன்னா வைக்கோலைத் தவிர எதையும் எய்யலைன்னு அர்த்தம். என்னுது கருங்குன்றுக்குப் பின்னாடி இருக்கு" என்றாள். "ஆனா உன் ஆளு அதைத் தனியா காவல் காத்திருக்கான் பாரு, அதுதான் தப்பு" என்றாள்.

ஒன்றும் எழுத வேண்டாம் என்று தோன்றினால் எழுதாதே. கடிதம் கிடைத்தது என்று மட்டும் எழுது.

ஐலி


ஸ்கண்டியா
14 நவம்பர் 1993

அன்புள்ள ரெய்னோவுக்கு,

உன் கடிதம் வந்தது. நாலு வரி. நாங்கள் அதைப் பத்துத் தடவை படித்தோம், அதாவது நான் படித்தேன், முஸ்தி கேட்டது. அது ஒரு பெண் மான், பின்னால் குட்டி நின்றதைக் கவனிக்கவில்லை, அம்பு விட்டதும் குட்டி எட்டிப்பார்த்தது, அதற்குமேல் எழுத முடியவில்லை என்று எழுதியிருந்தாய். எனக்கு அது போதும். மீதியை நான் ஒருநாளும் கேட்க மாட்டேன்.

ஆனால் கையெழுத்துக்குக் கீழே, ஓரத்தில், பென்சிலால் ஒரு வரி இருந்ததே: "தெக்குக் காத்து அடிச்சா ஹெம்லாக்ல உக்காராத, பீவர் கரைக்கு மாறிக்கோ. முழங்கையை இறக்காத." அந்த வரியைப் பார்த்துத்தான் அழுதேன். பாஸ்டி மாவில் கண்ணீர் விழுந்து ஆர்வோவுக்கு உப்புக் கூடிப்போயிற்று.

மாறிக்கொண்டேன். நேற்று, பீவர் பிராணிகள் அணை கட்டின அந்தக் கரையில், விடிந்து ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு பெண் மான் வந்தது. முகத்தில் காற்று, பதினொரு எட்டு. என் இதயம் அடித்த சத்தத்தில் அது ஓடிவிடும் என்று நினைத்தேன். ஓடவில்லை. இழுத்தேன் ரெய்னோ, மோவாய்வரைக்கும் இழுத்தேன், முழங்கையை இறக்கவில்லை. தோளுக்குப் பின்னால் ஒரு மயிரிழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது அதன் பின்னால் புதர் அசைந்தது. குட்டியா, காற்றா, தெரியவில்லை. தெரியாததால் வில்லைத் தளர்த்திவிட்டேன். மான் நடந்து போயிற்று. 

பிறகு சிரிப்பு வந்தது. நாற்பத்தாறு வயதில் சதுப்பில் நனைந்து உட்கார்ந்துகொண்டு, வாய்க்கு வந்த கறியை விட்டுவிட்டுச் சிரிக்கிறவளை யாராவது பார்த்திருந்தால் பிடித்துக் கட்டியிருப்பார்கள். அந்தப் புதர் அசைந்ததை நான் கவனித்தேன் என்றால், அது அன்று நீ குட்டியைக் கவனிக்காததால்தான். உன்னுடைய அந்த மான் வீணாகப் போகவில்லை. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், மற்றதெல்லாம் ஊர்க்கதை.

ஊர்க்கதையும் கேள். நாளைக்குத் துப்பாக்கி சீசன். பள்ளிக்கூடம் லீவு, கடைத்தெருவில் ஒரு ஆம்பளை இல்லை, இருக்கிறவனெல்லாம் ஆரஞ்சுச் சட்டையில் பூசணிக்காய் மாதிரி திரிகிறான். கோரினுக்கு இனி இரண்டு வாரம் தூக்கம் கிடையாது, நான் பொட்டலம் கட்டப் போகிறேன். சவுனாவின் ஓட்டைகளைப் பஞ்சு வைத்து அடைத்திருக்கிறேன், நீ வந்து பலகை போட வேண்டும். டிசம்பரில் வில்லுக்கு மறுபடி நாள் இருக்கிறது, நான் போவேன்.

இப்போது அந்தப் பழைய பாக்கிப் பதில். கட்டிப்போட்ட கப்பலுக்குக் காவல் வேண்டாம், ரெய்னோ. இரும்பு எங்கேயும் ஓடிவிடாது. மூன்று வருஷம் நீ காவல் இருந்தது போதும். ஜனவரியில் வீட்டுக்கு வா.

நாடாக்களில் ஒன்றைக்கூட நான் அவிழ்க்கவில்லை. முடிச்சுப் போட்டது நீ, சில முடிச்சுகள் எனக்கு அவிழவும் அவிழாது. பனி இறுகினதும் இரண்டு பேரும் போவோம், நீ ஒன்று, நான் ஒன்று என்று நாற்பத்தாறையும் எடுத்துவருவோம். ஹெம்லாக்கடியில் நீ உட்காருகிற பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை போட்டிருக்கிறேன்.

நவம்பர்க் காற்றை எனக்குத் தெரியும், அந்த ஏரியையும் தெரியும். கர்த்தர் உன் கப்பலின் மேல் கை வைத்திருக்கட்டும். மேல்தட்டுக்குப் போனால் கயிற்றைப் பிடித்துக்கொள்.

என்றும் உன்,
ஐலி

மறந்துவிட்டேன். எதிர் மரத்து ஆணியைப் பிடுங்கிவிட்டேன். உன் உயரத்துக்குக் கோரினை நிற்கவைத்து, உன் பலகைக்கு மேலேயே அடித்திருக்கிறேன். கை நீட்டினால் எட்டும். எய்ய வேண்டும் என்றில்லை, எட்டினால் போதும்.