பழைய காரில் புது கேஸ்

மே 9, வெள்ளி

நம்ம கார் ஏசி மறுபடியும் ஓட ஆரம்பித்துவிட்டது! இதை எழுதாமல் படுக்க முடியாது.

வாரம் இரண்டு முறை என் வீட்டுக்காரரை டயாலிசிஸுக்காகக் கட்டுமாவடியிலிருந்து புதுக்கோட்டைக்கு நான்தான் காரில் கூட்டிப் போகிறேன். திரும்பும்போது வெக்கையில் துவண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வருவார். ஏசி நின்று பல வருஷம். குளிர்ச்சிக்காக அதில் அடைக்கும் பழைய வகை கேஸ் இப்போது கிடைப்பதில்லை.

இன்று அவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, காரை மெக்கானிக் ரஹீம் பாயிடம் கொண்டுபோனேன்.

"புது கேஸ் போடலாங்கம்மா. பழைய ஆயில், ரப்பர் வளையமெல்லாம் மாத்தணும். ஆனா கம்ப்ரஸர் பழசு. தாங்கலேன்னா என்னைய சொல்லக் கூடாது."

"போடுங்க பாய்" என்றேன். வீட்டுக்காரரிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்.

மூன்று மணிக்கு பாய் சுவிட்சைப் போட்டார். கம்ப்ரஸர் முனகியது. வெறும் காற்றுதான் வந்தது. காற்று வரும் துளையில் விரலை வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் விரலில் ஜில்லென்று பட்டது. கத்தியே விட்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் வீட்டுக்காரர் ஏறியதும் வழக்கம்போல் கண்ணாடியை இறக்கப் போனார். கை அப்படியே நின்றது.

"என்னடி பண்ணுன?"

நான் சிரித்தேன். அறந்தாங்கி தாண்டியும் அவர் வாய் ஓயவில்லை. "லாரி பின்னாடியே ஏன் ஊருற? முந்து! பிரேக்க இப்புடியா மிதிப்பாங்க?" இந்தத் திட்டு வாங்கி எத்தனை மாதமாயிற்று!

வீட்டு வாசலில் நிறுத்தினேன். அவர் இறங்கவில்லை.

"கடற்கரை வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வருவமா?"

போனோம்.